பெட்டைக்கு ஒரு பெயர்

சென்ற கார்த்திகை மாதத்து மழை நாளொன்றில் என் மூத்த மகள் பாடசாலையிலிருந்து வீடு திரும்பியபோது, அவளுடைய புத்தகப் பை வழக்கத்துக்கு மாறாக அசைந்துகொண்டிருந்தது. விறாந்தையில் வந்து நின்றவள் பையை மெல்லத் தரையில் வைத்தாள். வைத்ததும் அதனுள்ளிருந்து ஒரு சிறு முனகல் எழுந்தது. கணிதப் புத்தகத்துக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இடையிலே, நனைந்த பஞ்சுப் பொதி போல, மண்ணிறமான நாய்க்குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது. நெற்றியிலே ஒரு வெள்ளைச் சுட்டி. கண் திறந்து சில கிழமைகளே ஆகியிருக்கும்.

"சந்தைக்குப் பின்னாலை பெட்டிக்குள்ளை போட்டிருந்தினம், அப்பா. மூண்டு குட்டி. மற்ற இரண்டும் செத்துப் போச்சு," என்றாள்.

மேற்கொண்டு அவள் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. எங்கள் பகுதியிலே சந்தையடியிலும் கோயில் வீதியிலும் பாடசாலை மதிலோரத்திலும் கொண்டுவந்து விடப்படும் குட்டிகள் எவை என்பது எல்லோரும் அறிந்ததே. நாய் ஈன்ற சில நாட்களில் வீட்டுக்காரர் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புரட்டிப் பார்ப்பர். கடுவன் என்றால் கேட்டு வருவோர் உண்டு. பெட்டை என்றால் ஒரு பெட்டியும் ஓர் இரவும் போதும்.

என் தாயார் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பெட்டையே?" என்று ஒரே சொல்லிற் கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெட்டை நாய் வீட்டுக்கு வேண்டாம், மோனை. வருசத்துக்கு இரண்டு முறை ஊரிலை உள்ள கடுவன் எல்லாம் படலையிலை வந்து நிண்டு சண்டை பிடிக்கும். பிறகு குட்டி. அந்தக் குட்டியளை ஆர் பாக்கிறது?"

அம்மாவின் சொற்களிற் கொடுமை இல்லை, அனுபவமே இருந்தது. நாய் ஏறத்தாழ 63 நாள் வயிற்றிற் சுமந்து குட்டி ஈனும். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறத்தல் இயல்பு. அவற்றுக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கே அந்தத் தொல்லை விளங்கும். ஆயினும், ஏசிக்கொண்டே உள்ளே சென்ற அம்மா, திரும்பி வருகையிலே தம்முடைய பழைய நூற்சேலைத் துண்டொன்றைக் கையிற் கொண்டுவந்தார். குட்டியைத் துடைத்து, அடுப்படிச் சூட்டிலே கிடத்தி, கஞ்சித் தெளிவை விரலில் தோய்த்து அதன் வாயில் வைத்தவரும் அவரே. "மழை விடட்டும், பிறகு பாப்பம்," என்றார். மழை விட்டது. ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. குட்டி தங்கிவிட்டது.

நாலாம் நாள் இரவு, உணவு முடிந்த பின்னர், பெயர் வைக்கும் பேச்சு எழுந்தது.

எட்டு வயதுடைய சின்னவன் சற்றும் தயங்காது "டைகர்!" என்றான். "அது ஆம்பிளைப் பேர்," என்று மகள் மறுத்தாள். "அப்ப ஜிம்மி." "அதுவும் ஆம்பிளைப் பேர்தான்." என் மனைவி இருவரையும் சமாதானம் செய்யும் நோக்குடன், "ராணி என்று வைத்தால் என்ன?" என்றாள். ராணி நல்ல பெயரே. ஆனால் மூன்று தலைமுறையாக எங்கள் ஒழுங்கையிலே ஆடு, மாடு, நாய் என ராணி இல்லாத காலமே இருந்ததில்லை. "ராணி" என்று படலையில் நின்று அழைத்தால் எதெது வந்து நிற்குமோ என்பது எனது அச்சம்.

மகள் சிறிது நேரம் யோசித்தாள். பின்னர், "அப்பா, எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற நாயளின்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்," என்றாள்.

சொல்லத் தொடங்கினேன். மேற்கு வீட்டிலே வீமன். அதற்கு அடுத்த வீட்டிலே சீசர். முடக்கு வீட்டிலே டைகர். கடைக்கார வீட்டிலே ஜிம்மி. பெண் நாய்கள் இரண்டே. ஒன்று ரோசி, மற்றொன்றுக்குப் பெயரில்லை, பெட்டை என்றே அழைப்பர்.

"ஆண் நாய்க்கெல்லாம் சண்டை பிடிச்சு வெண்ட ஆக்களின்ரை பேர். பெண் நாய்க்குப் பூவின்ரை பேர், இல்லாட்டிப் பேரே இல்லை. ஏன்?"

இருபது ஆண்டுகளாக வகுப்பறையிலே வினாக்களுக்கு விடை கூறிப் பழகிய எனக்கு இவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், எங்கள் ஒழுங்கைச் சீசர் திருவிழா வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலின் கீழே ஒளித்துக்கொள்ளும் பிராணி. இரவிலே அந்நியர் அடிச்சுவடு கேட்டால் முதலில் எழுந்து குரைப்பது ரோசிதான். பெயருக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பு எங்கள் ஒழுங்கையிலே தலைகீழாக இருக்கின்றது.

"எங்கடை குட்டிக்கு வைக்கிற பேர் கேட்ட உடனை பொம்பிளைப் பேர் எண்டு தெரிய வேணும். ஆனால் பயந்த பேராய் இருக்கக் கூடாது," என்று மகள் தீர்ப்புக் கூறினாள். அதனைத் தேடித் தரும் பொறுப்பு, தமிழ் கற்பிப்பவன் என்ற காரணத்தால், என் தலையில் விழுந்தது.

நேயர்களே, வலிமையும் பெண்மையும் ஒருங்கே அமைந்த பெயரொன்றை நாய்க்குத் தேடிப் பார்த்தாலே அதன் சங்கடம் தெரியும். வலிமை என்றவுடன் எம்மவர் நாவில் வருவன காளி, துர்க்கை, கொற்றவை ஆகிய தெய்வப் பெயர்கள். அவற்றை நாய்க்கு இடுதல் எங்கள் வீட்டில் நடவாத காரியம். கண்ணகி என்றால் ஈழநாட்டின் பல ஊர்களிலே அவள் கோயில் கொண்ட தெய்வம். மதுரையை ஆண்டவளாக நாட்டுக்கதைகள் கூறும் அல்லியின் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அழைப்பதற்கும் எளிது. ஆனால் அப்பெயருடைய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிறார். எனக்கு அரிச்சுவடி கற்பித்தவரும் அவரே.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நாய்க்கு இடும் பெயர் குறுகியதாக இருத்தல் நன்று. நீண்ட பெயரை நாய் முழுதும் கேளாது. "வா", "இரு", "போ" முதலிய ஏவற் சொற்களோடு மயங்கும் ஒலியும் ஆகாது. வீட்டிலுள்ள வேறொருவரின் பெயரோடு ஒத்திருப்பதும் கூடாது. இவ்வாறு கழித்துக்கொண்டே போனால் எஞ்சுவது மிகச் சில.

இலக்கணத்தையும் புரட்டிப் பார்த்தேன். தொல்காப்பியத்தின் இறுதி இயலாகிய மரபியல் விலங்குகளின் ஆண் பெயர், பெண் பெயர், இளமைப் பெயர் ஆகியவற்றை வகுத்துக் கூறுவது. நாயின் குட்டிக்குக் குருளை என்ற பெயர் உண்டு. புலியின் குட்டிக்கும் அதே பெயர்தான். பெண் நாய்க்கு அங்கே சொல்லப்பட்ட பெயர் பிணவு. நாம் இன்று பெண் நாயைக் குறிக்க எடுத்தாளும் பெட்டை என்ற சொல்லை அந்நூல் ஒட்டகம், குதிரை, கழுதை, மரை ஆகியவற்றின் பெண்ணுக்கே உரியதாக்குகின்றது. பறவைகளுக்கும் அது பொருந்தும் என்கின்றது. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சிலோ அச்சொல் மனிதப் பெண்பிள்ளைக்கும் வழங்குகின்றது. "பெடியனும் பெட்டையும்" என்று சொல்வதில் எங்களுக்கு இழிவு ஒன்றுமில்லை. ஆனால் நாயைச் சுட்டும்போது மாத்திரம் அதே சொல்லிலே ஒரு சலிப்பு ஏறிக்கொள்கின்றது. சொல் ஒன்றே, சொல்பவர் முகந்தான் வேறு.

இரண்டு நாட்களின் பின்னர் எனக்கு ஒரு பெயர் அகப்பட்டது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலே, 108ஆம் சூக்தம் ஓர் உரையாடல். பணிகள் என்போர் பசுக்களைக் கவர்ந்து ஒளித்துவைத்திருக்க, அவற்றைத் தேடி இந்திரனின் தூதாகச் செல்கிறாள் சரமா என்பவள். இரசை என்னும் ஆற்றைக் கடந்து, தன்னந்தனியளாய்ப் பகைவர் இடத்தை அடைகிறாள். அவர்கள் அவளை மிரட்டுகின்றனர். பின்பு நயந்து, எங்கள் தங்கையாக இங்கேயே தங்கிவிடு, பசுக்களிலே உனக்கும் பங்கு தருகிறோம் என்கின்றனர். அவள் இசையவில்லை. அச்சமும் ஆசையும் காட்டி வளைக்க முடியாத அந்தத் தூதுவளைப் பிற்கால மரபு தேவலோகத்துப் பெண் நாய் என்றே போற்றுகின்றது.

அவள் மீண்டும் வருவது வியாச பாரதத்தின் ஆதி பருவத்தில். சனமேசயன் வேள்வி செய்யும் இடத்துக்குச் சரமையின் மகனாகிய நாய்க்குட்டி செல்கின்றது. மன்னனின் தம்பியர் மூவர் அதனை அடித்துத் துரத்துகின்றனர். குட்டி அழுதுகொண்டு தாயிடம் ஓடுகின்றது. நீ ஏதும் பிழை செய்தாயா என்று தாய் கேட்கிறாள். அவிப்பொருளை நான் பார்க்கவுமில்லை, நக்கவுமில்லை என்கின்றது குட்டி. உடனே சரமா வேள்விச் சாலைக்குட் புகுந்து, குற்றம் செய்யாத என் பிள்ளையை எதற்காக அடித்தீர்கள் என்று அரச குலத்தாரை நேருக்கு நேராகக் கேட்கிறாள். அவர்களிடம் மறுமொழி இல்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று சபித்துச் செல்கிறாள். அரசன் நடுங்கிப்போய், அச்சாபத்தைத் தணிக்கவல்ல புரோகிதரைத் தேடிப் புறப்படுகிறான்.

இக்கதையைப் பிள்ளைகளுக்குக் கூறியபோது எனக்கே ஓர் உண்மை புலப்பட்டது. பாரதத்தின் முடிவிலே, தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு விண்ணுலகம் புக மாட்டேன் என்று தருமர் மறுத்து நின்றதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அந்தப் பெருங்காப்பியத்தின் தொடக்கத்திலேயே ஒரு தாய் நாய் நின்று நீதி கேட்கிறாள் என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை.

மகளின் கண்கள் ஒளிர்ந்தன. "இதுதான் பேர்!" என்றாள்.

மனைவி ஒரு தடை எழுப்பினாள். "கோயில் ஐயரின் வீடு எங்கள் வேலிக்கு அப்பால் இருக்கிறது. அவரை ஊர் முழுதும் சர்மா என்றுதான் சொல்கிறது. நீங்கள் விடியற்காலையிலே சரமா, சரமா என்று நாயைக் கூப்பிட்டால் அவர் என்ன நினைப்பார்?"

தடை நியாயமானதே. ஐயர் பொறுமைசாலி, எனினும் அவருடைய பொறுமையை நாள்தோறும் சோதிப்பது முறையன்று. பெயர் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமற் போயிற்று.

அதுவரை பேசாது விளக்குத் திரி உருட்டிக்கொண்டிருந்த அம்மா, "எங்கடை பெரிய மாமா தன்ரை நாய்க்கு லைக்கா எண்டு பேர் வைச்சவர்," என்றார். "எனக்கு அப்ப ஏழு வயது. ரஷ்யாக்காரர் ஒரு நாயை ஆகாசத்துக்கு அனுப்பினவையெல்லே? ஐயா பேப்பரிலை பாத்து உரத்து வாசிச்சவர். நாங்கள் எல்லாரும் முத்தத்திலை நிண்டு இரவிரவாய் வானத்தைப் பாத்தனாங்கள்."

அஃது 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி. ஸ்புட்னிக் 2 என்ற கலத்திலே பூமியைச் சுற்றிவந்த முதல் உயிர் லைக்கா. அவளும் மொஸ்கோ நகரத்துத் தெருவிலே பிடிக்கப்பட்ட பெண் நாயே. பசிக்கும் குளிருக்கும் பழகிய தெரு நாய்களே உறுதியானவை என்று கருதினர். கலத்தினுள் கழிவை ஏற்கும் கருவி பெண் நாய்களுக்கு ஏற்றதாக அமைக்கப்பட்டிருந்தது. ஆதலின் தெருவிலே வேண்டாப் பொருளாகத் திரிந்த பெட்டைகளே விண்வெளிக்குத் தெரிவாயின. முதலில் அவளுக்கு இட்ட பெயர் குத்ரியாவ்கா, அதாவது சுருள்முடிக்காரி. லைக்கா என்றால் குரைப்பவள்.

"குரைப்பவள்! நல்ல பேர். லைக்கா திரும்பி வந்ததோ, அப்பா?" என்றாள் மகள்.

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லலாகாது. அவளைத் திருப்பிக் கொண்டுவருவதற்கான ஏற்பாடு எதுவும் அக்கலத்தில் இருக்கவில்லை. பல நாட்கள் உயிரோடு இருந்தாள் என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. புறப்பட்ட சில மணி நேரத்திலேயே வெப்ப மிகுதியால் இறந்துவிட்டாள் என்ற செய்தி 2002ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. இவற்றைக் கூறினேன். சின்னவன் குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மகள், "திரும்பி வராத நாயின்ரை பேர் வேண்டாம்," என்றாள்.

அம்மா திரியை உருட்டுவதை நிறுத்தினார். "எங்கடை பெட்டையும் திரும்பி வரேல்லைத்தானே," என்றார் மெதுவாக, என்னைப் பாராமலே.

முப்பது ஆண்டுகளாக அந்த நாயைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசியதில்லை. அன்றுதான் என் பிள்ளைகளுக்கு அதனைச் சொன்னேன்.

1995ஆம் ஆண்டு எனக்குப் பதினான்கு வயது. வலிகாமத்திலே எங்கள் வளவில், எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட கறுப்புப் பெட்டை நாய் ஒன்று இருந்தது. வலக்காதின் நுனி கிழிந்திருக்கும். அதனை நாங்கள் வளர்த்தோம் என்று சொல்வது பொருந்தாது. அது எங்களைக் காத்தது. நாங்கள் மிஞ்சியதைப் போட்டோம். அதற்கு முன்னர் எங்கள் வீட்டில் இருந்த கடுவன் நாய்க்கு வீமன் என்று முறையாகப் பெயர் வைத்திருந்தார் அப்பா. இதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெட்டை என்றோம். அதற்கும் அஃது ஓடி வந்தது.

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர வேண்டியதாயிற்று. இலட்சக்கணக்கான சனம் ஓர் இரவிலே, மழையிலே, செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்தது. அப்பா சயிக்கிளில் அரிசிப் பையையும் அப்பாச்சியையும் வைத்து உருட்டினார். அம்மா தலையில் ஒரு மூட்டை. என் கையில் ஓர் அரிக்கன் லாம்பு. பெட்டை என் காலோடு உரசியபடி வந்துகொண்டிருந்தது. நாங்கள் அதனை அழைத்து வரவில்லை, அதுவாகவே வந்தது.

செம்மணி வெளியிலே நெரிசல் மிகுந்தது. திடீரென என் காலருகிலே அந்தச் சூடு இல்லாமற் போயிற்று. திரும்பிப் பார்த்தேன், இருளும் கால்களுமே தெரிந்தன. "பெட்டை! பெட்டை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு மனிதர் என்னிடம் ஓடி வந்தார். என் தோளை இறுகப் பற்றி, "எங்கை தம்பி? எந்தப் பெட்டை? பச்சைச் சட்டையோ?" என்று கேட்டார். அவருடைய மகள் அந்த நெரிசலில் தவறிப்போயிருந்தாள்.

"இல்லை... நாய்," என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கோபிக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, மறுபடியும் கூட்டத்திற்குட் புகுந்தார். அதன் பின்னர் நான் அழைக்கவில்லை. அந்தச் சொல்லை அந்தக் கூட்டத்திலே மீண்டும் உரக்கச் சொல்வதற்கு என் நா எழவில்லை. விளி வேற்றுமையைப் பாடசாலையிலே படித்திருந்தேன். விளிப்பதற்கு ஒரு பெயர்தான் என்னிடம் இருக்கவில்லை.

1996ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே வீட்டுக்குத் திரும்பினோம். படலை சரிந்து கிடந்தது. கிணற்றடியிலே அது சோறு தின்ற மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது. அம்மா அதனை எடுத்து நிமிர்த்தி, கழுவி, வேலியோரம் வைத்தார். பல மாதங்கள் அஃது அங்கேயே இருந்தது.

நான் சொல்லி முடித்தபோது ஒருவரும் பேசவில்லை. சிறிது நேரம் சென்ற பின்னர் அம்மாவே வாய் திறந்தார். "இதுக்கு ஒரு பேரை வையுங்கோ. என்ன பேரெண்டாலும் காரியமில்லை. சனத்துக்குள்ளை நிண்டு கூப்பிட்டால் இது ஒண்டுதான் திரும்பிப் பாக்க வேணும். அவ்வளவுதான்."

அடுத்த நாட் காலை மகள் என் மேசைக்கு வந்தாள். "ஆகாசத்துக்குப் போன நாய் ஒண்டும் திரும்பி வரேல்லையோ, அப்பா?" என்று கேட்டாள்.

வந்தன என்றேன். 1960ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி புறப்பட்ட பெல்கா, ஸ்திரெல்கா என்னும் இரு பெண் நாய்களும் மறுநாளே உயிரோடு தரை இறங்கின. ஸ்திரெல்கா பின்னர் ஆறு குட்டிகள் ஈன்றாள். அவற்றுள் ஒன்று 1961இல் அமெரிக்க சனாதிபதி கென்னடியின் வீட்டுக்குப் பரிசாகச் சென்றது.

"ஸ்திரெல்கா எண்டால் என்ன?"

"சிறிய அம்பு," என்றேன். சொன்ன மாத்திரத்திலே எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அம்புக்குத் தமிழிலே சரம் என்றும் பெயர். பூ மாலைக்கும் சரம் என்போம். பகைவர் மீது பாய்வதும் சரம். கூந்தலிலே சூடுவதும் சரம். வடமொழியில் அம்பைக் குறிக்கும் சரத்தின் முதலெழுத்தும் சரமாவின் முதலெழுத்தும் வெவ்வேறானவை. இரண்டுக்கும் அங்கே உறவில்லை. தமிழுக்கோ சகரம் ஒன்றே. ஆதலால் எங்கள் காதிலே அந்தப் பெயருக்குள் அம்பும் இருக்கின்றது, மாலையும் இருக்கின்றது. மகள் கேட்ட இரண்டும் ஒரு சொல்லுக்குள் அமைந்துவிட்டன.

"ஆனால் ஐயரின் சங்கடம் இருக்கிறதே," என்றேன்.

"சீதா எண்டதைத் தமிழிலை என்னெண்டு சொல்லுவம், அப்பா?"

"சீதை."

"கங்கா?"

"கங்கை."

"அப்ப சரமா?"

நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடசொல்லின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும் என்ற விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன் நான். அதனை என் வீட்டுத் தேவைக்கு எடுத்தாள என் மகளே கற்றுத்தர வேண்டியிருந்தது. சரமை! சுருங்கிய பெயர், கேட்டவுடன் பெண் பெயர் என்று தெரிகின்றது, ஒழுங்கையில் வேறெவருக்கும் இல்லை. இராமாயணத்திலே அசோகவனத்துச் சீதைக்கு மறைவாக உண்மை கூறித் தேற்றிய இலங்கைப் பெண்ணொருத்திக்கும் அதே பெயர்தான். ஆனால் வேதத்துச் சரமையை மரபு நாயென்றே கொண்டிருக்கையில், இப்பெயரை நாய்க்கு இடுவதால் எவருக்கும் இழுக்கில்லை என்று அமைதி கொண்டேன்.

தை மாதத்திலே சரமையை அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். விசர்நோய் கண்டபின் அதற்கு மருந்தில்லை என்பதும், தடுப்பூசி ஒன்றே காவல் என்பதும் நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியவை. நாய் கடித்தால் புண்ணை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அம்மாவின் கவலைக்கும் அங்கேயே வழி பிறந்தது. உரிய வயதிலே கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்துவிட்டால் படலையிலே கடுவன்களும் வந்து நில்லா. சந்தையடியிலே பெட்டியும் வேண்டியதில்லை. பெட்டைக் குட்டியை வேண்டாம் என்பதற்குத் தலைமுறை தலைமுறையாக நாம் சொல்லி வந்த காரணம் இவ்வளவு எளிதிலே நீங்கக்கூடியது என்பதை எண்ணும்போது சற்று வெட்கமாகவே இருந்தது.

தடுப்பூசி அட்டையை நிரப்பியவர் தலை நிமிராமலே, "கடுவனா, பெட்டையா?" என்று கேட்டார்.

"பெண்," என்றாள் மகள்.

"பெயர்?"

"சரமை."

அவர் 'சரமா' என்று எழுதத் தொடங்கினார். "இல்லை சேர், 'மை'," என்று அவள் திருத்தினாள். அவர் நிமிர்ந்து அவளையும் நாயையும் பார்த்து, சிரித்துக்கொண்டு திருத்தி எழுதினார். அந்த அட்டை இப்போது எங்கள் அலுமாரியிலே, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே உறையில் இருக்கின்றது. அங்கே வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

நேயர்களே, உங்கள் படலையிலும் ஒரு நாள் இப்படியொரு குட்டி வந்து நிற்கக்கூடும். அதனை வைத்திருப்பதும் வேறொரு நல்ல வீடு பார்த்துக் கொடுப்பதும் உங்கள் வசதியைப் பொறுத்தவை. ஆனால் அஃது உங்கள் வளவிலே இருக்கும் நாள் ஒன்றேயாயினும் அதற்கென்று ஒரு பெயரை வையுங்கள். பிறரோடு மயங்காத பெயராக, கூட்டத்திலே நின்று கூச்சமின்றி அழைக்கக்கூடிய பெயராக இருக்கட்டும்.

இதனை எழுதிக்கொண்டிருக்கும்போது பொழுது சாய்கின்றது. சரமை ஒழுங்கையின் கோடிவரை சென்று ரோசியோடு விளையாடுகிறாள். பெட்டை நாய் வேண்டாம் என்ற என் தாயார், படலையிலே ஒரு கையை ஊன்றி நின்று, எழுபத்தைந்து வயதுக்கு மிஞ்சிய குரலிலே அழைக்கிறார்:

"சரமை! இருட்டுது, வா பிள்ளை!"

ஒழுங்கைக் கோடியிலே இரண்டு நாய்கள் நிற்கின்றன. ஒன்றுதான் திரும்பிப் பார்க்கின்றது.